தோட்டாப் பெட்டிக்குள் மரக்கட்டை

சங்கரன்கோவில் டிரஷரி வாசலில் காவல் நிற்கும் உச்சிமாகாளி, துப்பாக்கியைப் படிக்கிற போலீஸ்காரர். எண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னால் துடைப்பதோடு விடமாட்டார். இரும்பில் வெட்டியிருந்த கிரீடம், 1917 என்ற வருஷம், அதன் பக்கத்தில் பிறகு எவரோ அடித்த புது நம்பர் என எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு போய், பாளையங்கோட்டையில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரரைக் குடைந்தெடுப்பார். மனுஷனுக்கு அப்படியொரு அரிப்பு.

தெரிந்துகொண்டதை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். 1974 சித்திரையில், பென்ஷன் வாங்க வந்த கூட்டத்திடம், "ரெண்டு உலகச் சண்டை பாத்த சாமானாக்கும் இது. ஒரு நேரத்துல ஒத்தத் தோட்டாதான் போடலாம். சுட்டுட்டுத்தான் அடுத்தது" என்று அளந்துகொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் ஆறுமுகத்தாயும் இருந்தாள். பர்மாவில் செத்துப்போன சிப்பாயின் மனைவி. மாதாமாதம் திருவேங்கடத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். அன்றைக்குப் பென்ஷனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் பென்ஷன் கொடுக்கும் கவுண்டர் பக்கமே போகாமல் நேராக அவரிடம் வந்தாள்.

"ஏட்டையா, ஒண்ணு கேக்கணும்."

அவர் ஏட்டு இல்லை. ஆனாலும் அப்படிக் கூப்பிடுகிறவர்களை அவர் திருத்தியதில்லை.

"கேளும்மா."

"ஒண்ணச் சுட்டுட்டு அடுத்தத எடுக்கதுக்குள்ள எதிராளி சும்மாவா நிப்பான்? எங்க வீட்டுக்காரவுகளையும் இப்பிடித்தான் அனுப்பினானுவளா? ஒரு மாசமா சோறு எறங்கல, ஐயா."

உச்சிமாகாளிக்குச் சுருக்கென்றது. வெளியாளுக்குத் துப்பாக்கியைத் திறந்து காட்டினால் மெமோ நிச்சயம். அக்கம்பக்கம் பார்த்தார். குழாயில் தோட்டா இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை உறுதிசெய்துகொண்டு போல்ட்டை இழுத்தார்.

"இங்கன பாரும்மா. தோட்டாப் பெட்டிக்குள்ள மரக்கட்டை தெரியுதா? பட்டாளத்துல கழிச்சு, போலீசுக்குக் கொடுக்கையில அடைச்சது இது. கூட்டத்தக் கலைக்க எங்களுக்கு ஒண்ணு போதும்னுட்டான் வெள்ளக்காரன். சண்டையில இதே துப்பாக்கிக்குப் பத்துத் தோட்டா. கடகடன்னு சுடலாம்."

"பத்தா?"

"பத்து. நானே ஆர்மரர்ட்ட கேட்டேன்."

அவள் குனிந்து அந்தக் கட்டையை வெகுநேரம் பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு நிமிர்ந்து, உச்சிமாகாளியை மேலும் கீழும் பார்த்தாள்.

"பத்து வச்சிருந்தவுகளே திரும்பி வரல. நீங்க ஒண்ண வச்சிக்கிட்டு நிக்கிய. வீட்டுல பிள்ளைக இருக்கா, ஐயா? சூதானமா இருங்க."