அய்யாதரை, துரையான கதை

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், “ரேடியோ மெக்கானிக் அய்யாதுரை வீடு எது?” என்று கேட்டால் ஆளாளுக்கு முழிப்பார்கள். “தரை வீடு எது?” என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிடுவார்கள். தொண்ணூற்றைந்தாம் வருஷத்து நிலவரம் இது. ஒரு மனுஷனுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் நம் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் இந்தப் பெயரை ஊர் வைக்கவில்லை. கட்டிய பெண்டாட்டியே வைத்தாள், அதுவும் தெரியாமல்.

அய்யாதுரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கைவேலை சுத்தமான ஆள். கையில் சாலிடரிங் இரும்பைக் கொடுத்தால் செத்த ரேடியோ பாடும். வியாபாரம் என்று இறங்கினால் மட்டும் உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்கிற கதைதான். டி.வி. ஆன்டெனாவுக்குப் பூஸ்டர் விற்றார்; அந்த வருஷமே ஊருக்குள் கேபிள் வந்தது. வீடியோ கேசட் வாடகைக்கு விட்டார். அதையும் கேபிள் தின்றது. கடைசியாக வீட்டு முன்னறையில் டி.வி.களை வரிசையாக வைத்து வீடியோ கேம் கடை போட்டார். பிள்ளைகள் ஈசல்போல வந்து மொய்த்தார்கள். அரையாண்டுப் பரீட்சை மார்க் வந்ததும், பிள்ளைகளுக்குப் பின்னால் தாய்மார்கள் வந்தார்கள்.

“ஏமய்யா, எங்க பிள்ளைகளக் கெடுக்கவா கடை வச்சிருக்க?” என்று எதிர்வீட்டு ராஜு வீட்டம்மா தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். அத்தோடு கடைக்குப் பூட்டு. டி.வி.கள் விலைபோயின. ஜாய்ஸ்டிக், மஞ்சள் மஞ்சளாகக் கேம் கேசட், டி.வி.யில் பறக்கும் வாத்தைச் சுடுகிற பிளாஸ்டிக் துப்பாக்கி, இவற்றை யார் வாங்குவார்? ஒரு கோணிச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அதற்குப் பிறகு குடும்பம் ஓடியது பெண்டாட்டி ஜெயபாயின் விரல்களில்தான். டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் முடித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சாமி அண்ணாச்சி அச்சகத்தில் கம்ப்யூட்டர் வந்ததும், கல்யாணப் பத்திரிகை அடிக்க அவளைத்தான் உட்கார வைத்தார். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். கம்ப்யூட்டரைத் திறந்ததும் அவள் முதலில் அடிப்பது புருஷன் பெயரை. ‘அய்யாதுரை’ என்று அடித்துப் பார்த்து, அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாதவள். விரலால் சொல்வதற்கு யார் தடை போட முடியும்? சர்ச்சில் பெயர் கேட்டால்கூட “அவியதான்” என்பாள்.

புரட்டாசியில் ஒரு மழைநாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது படி வழுக்கி இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. ஊருக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ராஜபாளையத்துச் சீமைக்காரிக்கே கட்டுப் போட்டாயிற்று. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்து விறைத்து நின்றன. “போகப் போக வரும், வராமலும் போகலாம்” என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். இந்தப் பதிலுக்கு ஒரு டாக்டர் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டு விரல் போனால் என்ன, மிச்சம் எட்டு இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் சங்கதி. தமிழ் கீபோர்டில் ‘ம’ அடிக்க ஒரு விரல் போதும். ‘மு’ வேண்டுமென்றால் இடது சுண்டுவிரலால் ஷிப்ட்டை அமுக்கிக்கொண்டு அதே சாவியை அடிக்க வேண்டும். து, ரு, டு எல்லாம் அப்படித்தான். வலது பக்கமும் ஒரு ஷிப்ட் உண்டு. ஆனால் இந்த எழுத்தெல்லாம் வலது கைக்காரர்கள். ஒரே கை இரண்டையும் எப்படி அமுக்கும்? இடது கையில் வேறு விரலை நீட்டினாலோ, பழகிய கை முழுதும் இடம் மாறித் தடுமாறும். கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த அன்று, வழக்கம்போலப் பெயரை அடித்தாள். திரையில் வந்தது: ‘அய்யாதரை’.

பின்னால் நின்ற மிஷின்மேன் மாரிச்சாமி பார்த்துவிட்டான். அவனும் ராஜபாளையத்துக்காரன். அந்தப் பெயர் ஜெயபாய்க்கு முந்தின பஸ்ஸிலேயே ஊர் போய்ச் சேர்ந்தது. வியாபாரம் எல்லாம் தரைதட்டிய மனுஷனுக்கு எவ்வளவு பொருத்தம் என்று ஊரே மெச்சியது.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. கார்த்திகையில் வன்னியம்பட்டிக் குடும்பம் ஒன்றின் கல்யாணப் பத்திரிகை. ஜெயபாய் விறைத்த விரலை வளைத்து வளைத்து, விட்டதை எல்லாம் திருத்தித்தான் கொடுத்தாள். ஒன்று தப்பிவிட்டது. அடியில், ‘மருமகன் பால்ச்சாமி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மரமகன் பால்ச்சாமி’ என்று அச்சாகி, ஊரெல்லாம் கொடுத்தும் ஆயிற்று. அந்த மருமகனோ விசேஷ வீட்டில் வாயே திறக்காமல் ஒரு மூலையில் அசையாமல் உட்காருகிற ஆசாமி. கொழுந்தியாள்மார் விடுவார்களா? “சரியாத்தான போட்டிருக்காக” என்று ஒருத்தி சொல்லப் பந்தலே சிரித்தது. பால்ச்சாமி மாப்பிள்ளை முறுக்கோடு சாப்பிடாமல் போய்விட்டார்.

தங்கச்சாமி அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை. அந்த வீட்டாரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். தை மாசம் அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்குத் தானே இனாமாகப் பத்திரிகை அடித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். பிறகு ஜெயபாயைக் கூப்பிட்டார்.

“எம்மா, மார்கழில முகூர்த்தம் கிடையாது. எப்படியும் தாக்காட்டி ஓட்டிரலாம். தை பொறந்தா எம்புட்டு வேலை வரும்னு ஒனக்கே தெரியும். அதுக்குள்ள கை சரியாகலைன்னா மதுரைல ஒரு பிள்ள இருக்கு, அதைத்தான் கூப்பிடணும். என்னையத் தப்பா நெனைக்காத.”

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள். வீட்டுக்கு வந்து சொல்லும்போது கண் காய்ந்திருந்தது.

மறுநாள் அய்யாதுரையும் கூடவே போனார். அவள் அடிப்பதை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு ‘மு’வுக்கும் ‘து’வுக்கும் விரல் முரண்டு பிடிக்க, மேஜைக்கு அடியில் அவளுடைய இடது கால் தரையை ஓங்கி மிதித்தது. ஆத்திரம். விரல் செய்யாததைக் கால் செய்யப் பார்க்கிறது என்று அவருக்குப் பட்டது.

“ஏட்டி, காலால அடிச்சா என்ன?” என்றார்.

“இப்பவே மரமகன். காலால அடிச்சா கொரங்குமகன்னு வரும்” என்றாள்.

அவர் கேட்கவில்லை. ஸ்பேஸ் பார் சிக்குகிறது என்று அச்சகத்தின் மூலையில் கிடந்த பழைய கீபோர்டை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி வந்தார். ஸ்பேஸ் பாரைச் சரிசெய்தார். உள்ளே கண்டது எளிய விஷயம்தான். ஷிப்ட் சாவிக்கு அடியில் இரண்டு முனை. இரண்டும் தொட்டால் ஷிப்ட். அந்த முனைகளிலிருந்து ஒயரை வெளியே இழுத்துக்கொண்டுபோனால், மேஜைக்கு அடியில் வைத்துத் தொட்டாலும் ஷிப்ட்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கு வெளியே வந்தது. ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து, அதன் ரப்பர் பட்டனோடு ஒயரைச் சேர்த்தார்.

கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு, அந்தக் கீபோர்டை அச்சகக் கம்ப்யூட்டரில் மாட்டி அண்ணாச்சி முன்னால் சோதனை. ஜெயபாய் பட்டன்மேல் கால் பெருவிரலை வைத்து அடித்தாள். ‘மரமகன்’. இன்னொரு தடவை. ‘முருமுகன்’. காலை எடுத்தோமா, அமுக்கினோமா என்று காலுக்கே தெரியவில்லை. போதாக்குறைக்கு ஜாய்ஸ்டிக் வழுக்கி மேஜைக்குப் பின்னால் ஓடிவிட்டது. மாரிச்சாமி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

“மதுரைக்குச் சொல்லிவிட்டுருதேன்” என்றார் அண்ணாச்சி, தரையைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலையில் தெருவில் “பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேரீச்சம்பழம்!” என்று சங்கையாவின் தள்ளுவண்டிக் குரல் கேட்டதும் அய்யாதுரை சாக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெறுத்துவிட்டது. தொட்டது எதுவும் துலங்காத கை என்று அவரே அவரைப் பற்றி முடிவுகட்டிக்கொண்டார். சாக்கைக் கொட்டும்போது துப்பாக்கி வந்து காலடியில் விழுந்தது. எடுத்து, வாசலில் நின்ற பெண்டாட்டியை நோக்கி நீட்டினார்.

“என்னையக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு ஒனக்கு இதான்” என்று விசையை இழுத்தார். டக்.

“சனியன் பிடிச்ச பேச்சப் பாரு” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். “இன்னொருக்க அமுக்குங்க.”

டக்.

“செத்த நில்லுங்க அண்ணே, அதை வண்டில போடாதீய!” என்று சங்கையாவைத் தடுத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கி, தானே அமுக்கிப் பார்த்தாள். டக், டக். “டைப் மிஷின்ல ஷிப்ட அமுக்கினா கடக்குனு தூக்கும். உள்ள என்னமோ நடந்துருச்சுன்னு விரலுக்குத் தெரியும். ஒங்க ரப்பர் பட்டன் ஊமைங்க. நாம பாட்டுக்குக் கதை சொல்லிக்கிட்டே இருக்கோம், அது உக்காந்து தூங்குது. இது பாருங்க, ‘ஊம்’ கொட்டுது.”

அய்யாதுரைக்கு மூளையில் யாரோ பல்பைப் போட்டதுபோல இருந்தது. கடை நடந்த காலத்தில் அடுப்படிவரை கேட்ட சத்தம்தானே இது! துப்பாக்கியின் விசைக்குள் இருந்தது நிஜமான சுவிட்ச். சங்கையா திட்டிக்கொண்டே வெறும் வண்டியோடு போனார்.

இந்த முறை அவசரப்படவில்லை. பழைய ஸ்பீக்கர் பெட்டியின் பலகையில் துப்பாக்கியை அப்படியே, முனை மேலே பார்க்கச் சாய்த்து வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். பிரித்து எடுத்தால் சுவிட்ச் உடைந்துவிடுமோ என்று பயம். துப்பாக்கியின் ஒயரைக் கீபோர்டிலிருந்து வந்த ஒயரோடு சேர்த்தார். விசைக்கு மேலே ஒரு மஞ்சள் கேசட்டின் மேல்மூடியை டிரங்குப் பெட்டிக் கீலில் மாட்டினார். பெருவிரல் வைக்க அதுதான் மிதி. பலகை நகராமல் இருக்க அடியில் சைக்கிள் டியூப் ஒட்டினார். ஜெயபாய் சமையலுக்கு நடுவே வந்து மிதித்துப் பார்த்து, “ஒசரம் கூட”, “இப்பம் கொறைச்சல்” என்று சொல்லிவிட்டுப் போவாள். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில், கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு காலும் கையுமாக அவள் பழகினாள். மு, து, ரு, டு என்று வாய் முணுமுணுக்க, கால் டக் டக்கென்று பதில் சொல்லியது.

தை பிறந்தது. மதுரைப் பெண் திங்கட்கிழமை வருவதாகப் பேச்சு. சனிக்கிழமையே ஜெயபாய் பலகையையும் கீபோர்டையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். “அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு பத்திரிகை மட்டும் குடுங்க. ஒரு எழுத்து தப்புனாலும் நானே எந்திரிச்சுப் போயிருதேன்.”

அண்ணாச்சி யோசித்தார். அவர் கையில் இருந்தது வன்னியம்பட்டிக் காதுகுத்து. அதைச் சரிபார்க்க, யாரையும் நம்பாமல், மருமகன் பால்ச்சாமியே நேரில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல அசையாமல். “சரி, அடி” என்றார் அண்ணாச்சி. அவருக்கும் வேர்த்தது.

கூடவே வந்த அய்யாதுரை உள்ளே வரவில்லை. வாசலில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார். நம்பியது எல்லாம் கைவிட்ட மனுஷனுக்கு, நல்லதை நேரில் பார்க்கிற தைரியமும் போய்விடும். உள்ளே இருந்து டக் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு டக்குக்கும் இன்னொரு டக்குக்கும் நடுவில் அவர் மூச்சு நின்றது.

புரூஃப் தாளை வாங்கிய பால்ச்சாமி, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படித்தார். மேலிருந்து கீழே வர ஒரு யுகம் ஆயிற்று. கடைசி வரியில் விரல் நின்றது. அங்கேயே நின்றது. ஜெயபாய் எழுந்திருக்கவே தயாராகிவிட்டாள்.

“மருமகன்” என்றார் பால்ச்சாமி, சத்தமாக. பிறகு முதன்முறையாகச் சிரித்தார். “அது சரி, என்ன இது டக்கு டக்குன்னு?” என்று குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தவர், தன் முழங்காலைக் குறிபார்த்துக் கிடந்த துப்பாக்கியைக் கண்டு காலை மேலே தூக்கிக்கொண்டார். “ஏ தாயி, எதுக்கு இது?”

“இன்னொருக்க மரமகன்னு வந்தா, அடிச்ச கம்ப்யூட்டரையே சுட்டுர்றதுக்கு” என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய் மதுரைக்கு போன் போட்டு, “பிள்ள வரவேண்டாம், ஆள் இருக்கு” என்றார். அது ஜெயபாய் காதில் விழ வேண்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

அவள் வாசலுக்கு வந்தாள். ஆறிப்போன டீயோடு நிற்கிற மனுஷனைப் பார்த்ததும் இவ்வளவு நேரம் வராத அழுகை வந்துவிட்டது. பேச முடியாமல் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கால் பெருவிரலை மஞ்சள் கேசட்டின்மேல் வைத்து அடித்தாள். ஒரு டக். திரையில் முழுசாக வந்து நின்றது: ‘அய்யாதுரை’.

அய்யாதுரை அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு வேண்டுமென்றே முறைத்தார். “ஏட்டி, எம்பேரக் காலால மிதிக்கியே, இது ஒனக்கே நல்லா இருக்கா?”

“மிதிச்சாத்தான் துரை” என்றாள் ஜெயபாய். “காலை எடுத்தேன்னா தரை. எது வேணும், நீங்களே சொல்லுங்க.”

மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்த மாரிச்சாமியின் கை அப்படியே நின்றது. அண்ணாச்சியும் பால்ச்சாமியும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

“மிதி தாயே” என்றார் அய்யாதுரை. “நல்லா மிதி.”