தலைவர் போட்ட ஓட்டு

எங்கள் தொகுதி எம்.பி.யை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழனியில் நடந்த என் கல்யாணத்துக்கு, என் கழுத்தில் தாலி ஏறிய பிறகுதான் அவர் வந்தார். வந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. போட்டோக்காரர் எங்களை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கல்யாண ஆல்பத்தில் பெரிய படம் அவருடையதுதான். என் அம்மா அதில் பாதி முகமாக ஓரத்தில் நிற்கிறார். ஆனால் வெறுப்பு அங்கே தொடங்கவில்லை. அந்தக் கதையை நான் வெகுகாலம் சிரித்துக்கொண்டேதான் சொல்லிவந்தேன்.

என் மாமனாருக்கு அவர்தான் எல்லாம். மாமனார் தொப்பம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. எம்.பி. முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். தலைவர் கட்சி மாறினார், இவரும் மாறினார். தலைவர் மறுபடி மாறியபோது வேட்டியின் கரையை மட்டும் மாற்றிக்கொண்டு பின்னாலேயே போனார்.

நில எடுப்புச் சட்டத்தில் ஒரு திருத்தம் வரப்போகிறது, விவசாயி சம்மதிக்காவிட்டாலும் இனி நிலத்தை எடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது எங்கள் பக்கம் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. புறவழிச்சாலைக்காக மாமனாரின் தோப்பை ஏற்கெனவே அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் விவசாயிகள் கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். கேரளத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். எம்.பி. என் மாமனாரை மேடைக்குக் கூப்பிட்டார். அவர் கையைப் பிடித்து உயரத் தூக்கி, இந்தக் கை பாடுபட்ட மண்ணை எடுக்க விடமாட்டேன், சபையில் என் ஓட்டு இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் விழும் என்றார். மாமனார் மேடையிலேயே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திருத்தம் நிறைவேறிவிட்டது. எம்.பி. ஊருக்கு வந்து, தான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டதாகவும் தங்கள் பக்கம் ஆள் போதவில்லை என்றும் சொன்னார். மாமனார் அதை டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தார். தோப்புக்குள் கல் நட்டு, காய்த்துக்கொண்டிருந்த மரங்களைச் சாய்த்தபோதுகூட, தலைவர் ஒற்றை ஆளாக என்ன செய்வார் என்றுதான் வருத்தப்பட்டார்.

அதற்குச் சில வருஷம் கழித்து எம்.பி.யின் பொதுவாழ்வைப் பாராட்டி விழா எடுத்தார்கள். அதற்கு ஒரு மலர் போடுவதாக ஏற்பாடு. நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். அதனால் அவருடைய நாடாளுமன்றப் பணியைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று விழாக்குழுவினர் மாமனார் மூலமாகக் கேட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்து என்னால் மறுக்க முடியவில்லை.

நாடாளுமன்றத்தின் இணையதளத்தைத் திறந்து அவர் பேசியதையெல்லாம் தேடிப் படித்தேன். அத்தனை வருஷம் சபையில் இருந்தவர் பேசியது வெகு சொற்பம். சபாநாயகருக்கு வாழ்த்து. யாரோ இறந்ததற்கு இரங்கல். ஒட்டன்சத்திரத்தில் ரயில் நிற்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை, சில வருஷம் கழித்து அதே கோரிக்கை, அதே வார்த்தைகளில். அந்த நிலச் சட்டத் திருத்தத்தின் மீது அவர் வாயே திறக்கவில்லை. ஓட்டு மட்டும் போட்டிருந்தார், ஆதரவாக.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போய் மாமனாரிடம் சொன்னேன். கம்ப்யூட்டரில் எவனாவது மாற்றிப் போட்டிருப்பான் என்று என் மேல்தான் கோபப்பட்டார். மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"கெளம்பு கண்ணு. அவரையே கேட்டுப்போடலாம்."

திண்டுக்கல்லில் எம்.பி. வீட்டில் எங்களுக்குக் காபி கொடுத்தார்கள். மாமனார் சுற்றி வளைக்கவில்லை. அந்தச் சட்டத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டீர்கள் என்று நேராகவே கேட்டார். எம்.பி. கொஞ்சமும் அசரவில்லை. கட்சிக் கொறடா உத்தரவு போட்டால் அப்படித்தான் போட்டாக வேண்டும், மீறினால் பதவி போய்விடும் என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார்.

"அப்ப எதிர்த்துப் போட்டேன்னு எங்ககிட்டச் சொன்னீங்களே?" என்றார் மாமனார்.

"மனசால எதிர்த்தேன்ணே."

எனக்குப் பொறுக்கவில்லை. "கொறடா ஓட்டுத்தான் போடச் சொல்வாரு. ஊருக்கு வந்து பொய் சொல்லச் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டேன்.

எம்.பி. என்னைப் பார்க்காமல் மாமனாரைப் பார்த்துச் சிரித்தார். மருமகள் நன்றாகப் பேசுகிறாள் என்றார். மாமனார் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். "அது கேட்டது நான் கேட்டதுதானுங்க. பதில் சொல்லுங்க" என்றார். எம்.பி. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, இன்னொரு கூட்டம் இருப்பதாகச் சொல்லி உள்ளே போனார். வாசலுக்கு வந்த உதவியாளர், ரயில் நிறுத்தத்தைப் பற்றி விரிவாக எழுதினால் போதும் என்று என்னிடம் சொன்னார்.

நான் கண்டதை அப்படியே எழுதி அனுப்பினேன். போட மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் மலர் வந்தபோது அதில் என் பெயரில் ஒரு கட்டுரை இருந்தது. அதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. விவசாயிகளுக்காகத் தனியாக நின்று சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சிங்கம் என்று நான் புகழ்ந்திருந்தேன். அதை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு இருந்தது. போக வேண்டாம் என்றேன். போகத்தான் வேண்டும் என்றார்.

கல்யாண மண்டபத்தில் விழா. சால்வை போர்த்தியதும், மூத்த தொண்டர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை நீட்டினார்கள். மாமனார் சால்வையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தலைவரு அந்தச் சட்டத்துக்கு ஆதரவாத்தானுங்க ஓட்டுப் போட்டாரு. என்ற மருமக எழுதுனதை மாத்திப் போட்டுருக்கீங்க. என்ற வாயால நானும் ஊரெல்லாம் பொய் சொல்லிப்போட்டேனுங்க."

அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். அணைத்த பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார்; என்ன சொன்னார் என்று முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். எம்.பி.யின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. வெளியே வந்ததும், இத்தனை வருஷம் கூடவே கொடி பிடித்த ஒருவர் மாமனாரிடம், "பைத்தியமாய்யா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த தேர்தலிலும் எம்.பி.தான் ஜெயித்தார். எங்கள் ஊர்ச் சாவடியிலும் அவருக்குத்தான் ஓட்டு அதிகம். பிரசாரத்தின்போது எங்கள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, மைக்கில் மாமனாரை அண்ணன் என்று கூப்பிட்டார். மாமனார் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எழுந்து போகவில்லை. ஜீப் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனது. ஊரில் பாதிப்பேர் இன்றும் மாமனாரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எம்.பி.யிடம் எல்லோரும் பேசுகிறார்கள்.

இப்போது கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் மாமனார் சபை நிகழ்ச்சியை டி.வி.யில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கேமரா எம்.பி. உட்காரும் பின்வரிசைப் பக்கம் திரும்பும்போது மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்து பார்ப்பார். பிறகு எனக்குப் போன் வரும்.

"இன்னைக்கும் ஆளக் காணோம் கண்ணு."