திருஷ்டிக் கத்தாழையைத் தின்ற கதை

என் மனைவி என் முகத்தைப் பார்த்துப் பேசி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. வண்டியில் பின்னால் உட்கார்ந்தாலும் முகம் ரோட்டுப் பக்கம்தான். கடைகளை வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன். நம் புத்திக்கு அம்புட்டுத்தான் எட்டியது.

ஒருநாள் சோறு போடும்போது, "என்னடி, எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் திருப்புற?" என்று கத்திவிட்டேன்.

அவளும் விடவில்லை. "வாய் நாறுது. பல்லு வெளக்கும்போது ரத்தம் வருதே, டாக்டர்ட்டக் காட்டுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

சுருக்கென்றது. மறுநாளே பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்தேன்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. ஈறு நோயாம். முதலில் பல்லைக் கிளீன் செய்து காறையை எடுக்க வேண்டுமாம், பிறகு ஈறு இடுக்கில் கத்தாழை ஜெல் வைப்பார்களாம். கிளீன் செய்தால் பல் ஆடிப்போகும் என்பது எங்கள் தெருவே ஒப்புக்கொண்ட உண்மை. "அதெல்லாம் வேணாம்மா, ஜெல்ல மட்டும் வச்சு விடுங்க" என்றேன்.

"அடிப்பிடிச்ச சட்டியத் தேய்க்காம அதுலயே பாயாசம் வப்பீங்களாண்ணே? ஜெல்லு சும்மா ஒத்தாசைக்குத்தான்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.

கத்தாழைக்கா பஞ்சம்? என் எலக்ட்ரிக்கல் கடை வாசலில் திருஷ்டிக்காகத் தலைகீழாக ஒன்று தொங்கியது. ஒரு மடலை ஒடித்து, வடிந்த மஞ்சள் பாலைக்கூடக் கழுவாமல் ஈறில் தேய்த்தேன். வீணாக்குவானேன் என்று மிச்சத்தை விழுங்கியும் வைத்தேன். ஐயோ, அந்தக் கசப்பு! மதியத்துக்குள் வயிறு பிடுங்கிக்கொண்டது. கடையைப் பூட்டக்கூட நிதானமில்லாமல் வீட்டுக்கு ஓடினேன்.

மனைவி விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அட கூறுகெட்ட மனுஷா! ஊர்க் கண்ணு பூராவும் அதுலதான இருக்கு, அதையா வாய்ல போட்டீங்க?"

அந்தச் சிரிப்பிலும் முகம் சன்னல் பக்கம்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெட்கத்தை விட்டு அதே டாக்டரம்மாவிடம் போனேன். காறையை எடுத்தார். எந்தப் பல்லும் கையோடு வரவில்லை. அப்புறம் ஜெல் வைத்தார். வரச்சொன்ன நாளெல்லாம் போனேன், இரண்டு வேளையும் பல் விளக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலை எடுக்கச் சின்னாளப்பட்டிக்குப் போனோம். தோமையார்புரம் தாண்டியதும் என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தவள்தான். அக்கா வீட்டுச் சண்டை, மாவு மிஷின்காரன் பேச்சு, எல்லாம் வந்தது.

"ஏண்டி, இம்புட்டையும் இத்தன நாளு எங்க வச்சிருந்த?"

"மூச்சப் பிடிச்சுக்கிட்டு மனுஷி எம்புட்டுத்தான் பேசுவா?" என்றாள்.

வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். சின்னாளப்பட்டி சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்றிருந்தது.