ஆளில்லாத எச்சரிக்கை

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தத் தொழிற்சாலையில் தட்டச்சு செய்தவளுக்கு ‘அர்த்தம் அக்கா’ என்று பட்டப்பெயர். யார் என்ன சொன்னாலும், “அதுக்கு என்ன அர்த்தம்?” என்பாள். அஞ்சல்வழியில் தத்துவம் படித்த வினை. ஃப்ரேகே, ரஸ்ஸல், மூர், விட்கென்ஸ்டைன் என்று நான்கு தத்துவ அறிஞர்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு வாக்கியம் உண்மையா என்று சண்டை பிடிக்குமுன், அது என்னதான் சொல்கிறது என்று பிரித்துப் பார். அவர்களிடம் அவள் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். “இது சோறு போடுமா?” என்று கேட்டுக் கேட்டுக் கணவனும் ஓய்ந்துவிட்டான்.

ஒரு நாள் இஸ்திரி உருளை இழுத்து, அங்கே வேலை செய்த பெண்ணின் வலது கை போனது. மறுநாள் காலை மேலாளர் அறிக்கையைச் சொல்லச் சொல்ல இவள் அடித்தாள்.

“மேற்பார்வையாளர் எச்சரித்தும் அந்தப் பெண் கேட்கவில்லை.”

விரல்கள் நின்றன. அந்த வரி நின்றால் கை போனவளுக்கு இழப்பீடு கிடையாது.

“எந்த மேற்பார்வையாளர் சார்? அவர் வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சே, வேற ஆளும் போடலையே.”

“பதவி இருக்குல்ல?”

“பதவி வாயைத் திறந்து எச்சரிக்குமா சார்?”

அவளுக்குப் படித்த பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. ராஜாவே இல்லாத நாட்டின் ராஜாவுக்கு வழுக்கை என்றால், அதற்குள் மூன்று பேச்சு ஒளிந்திருக்கிறது என்றார் ரஸ்ஸல்: ராஜா ஒருவர் இருக்கிறார், ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கு வழுக்கை. முதலாவதே பொய், பிறகு யார் தலையைத் தடவிப் பார்ப்பது? படித்தபோது சிரித்தாள். இப்போது பல்லைக் கடித்தாள். எச்சரித்தாரா இல்லையா என்று ஊரே அடித்துக்கொள்ளும். ஆள் உண்டா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். படுபாவி, இல்லாத ஆளை நட்டநடுப் பகலில் உள்ளே நுழைத்துவிட்டான்.

புதுத் தாளில் அடித்து நீட்டினாள்: ‘மேற்பார்வையாளர் ஒருவர் அன்று பணியில் இருந்தார். அவர் பெயர்:’

மேலாளர் கிழித்தெறிந்தார். “நீ டைப் அடிக்கத்தான் வந்திருக்க.”

“அடிக்கிறேன் சார். பேரைச் சொல்லுங்க.”

ஒற்றை விரலால் தட்டித்தட்டி அவரே அடித்து அனுப்பினார்.

சாயங்காலம் மருத்துவமனையில் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: “கம்பெனி ஆளுங்க பேப்பரோட வருவாங்க. கையெழுத்துப் போடாத.”

“எந்தக் கையால போடுறது, அக்கா?”



விசாரணையில், எச்சரித்தது எத்தனை முறை, எவ்வளவு உரக்க என்றே ஒரு மணி நேரம் ஓடியது. பின்வரிசையில் இவள் எழுந்தாள்.

“ஐயா, எச்சரிச்சவரையே கூப்பிட்டுக் கேட்டுடுங்க.”

விசாரணை அதிகாரி பேனாவை வைத்தார். “சரிதானே. எங்க அவர்?”

மேலாளர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார், யாராவது எழுந்து நிற்கமாட்டார்களா என்பதுபோல.