மரத்தரையில் முதல் சர்வீஸ்

நேற்று சாயங்காலம் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன், ஊர் நடுவில் இருக்கும் உள்விளையாட்டரங்கத்தின் தகரக் கூரையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கடைகளும் கார் நிறுத்துமிடமும் வரப்போகிறதாம். பிடுங்கிப் போட்டிருந்த தரைப்பலகைகளில் இன்னும் பழைய வார்னிஷ் வாடை. அது மூக்கில் ஏறியதும் எனக்கு ஜெசிந்தாவின் ஞாபகம் வந்துவிட்டது, கூடவே வயிற்றெரிச்சலும். இந்த வயதிலும் அடங்கவில்லை, என்ன செய்ய.

அரங்கம் வருவதற்கு முன்னால் அங்கே வெறும் மண் மைதானம்தான். பெண்கள் ஐந்தைந்து பேராகப் பிரிந்து பூப்பந்து ஆடுவோம். மஞ்சள் கம்பளிப் பந்து, காற்றடித்தால் தன் இஷ்டத்துக்குப் போகும். ஆட்டத்துக்கு முன் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும். யார் தெளிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதல் சர்வீஸ். இது எங்கள் மைதானத்துச் சட்டம். எதிரணி ஜெசிந்தா பக்கத்துத் தெருப் பள்ளியில் டீச்சர், மணியடித்ததும் வந்துவிடுவாள். நான் வடமதுரையில் கூட்டுறவுச் சங்கத்து வேலையை முடித்து, நிற்க இடமில்லாத பஸ்ஸில் வந்து இறங்கினால் மைதானம் ஈரமாகக் கிடக்கும். ஈரமண் வாசனை எல்லோருக்கும் பிடிக்குமாமே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் ஆட்டமும் அழகு, அதை வேறு சொல்ல வேண்டியிருக்கிறது. வேலியோரம் நிற்பவர்கள் அவள் பேரைச் சொல்லித்தான் கைதட்டுவார்கள்.

பிறகு பளபளவென்று மரத்தரையோடு அரங்கம் எழுந்தது. அங்கே நடக்காதது எது? இறகுப்பந்து, குத்துச்சண்டை, ஓட்டு எண்ணிக்கை, மலர்க் கண்காட்சி. நிலக்கோட்டை மல்லிகையின் வாசம், கண்காட்சி முடிந்த பிறகும் கூரைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் முதன்முதலில் நடந்தது எங்கள் பூப்பந்துதான், திறப்பு விழாவன்று. அந்தத் தரையில் முதல் சர்வீஸ் நான்தான் போட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி. மரத்தரையில் தண்ணீருக்கு ஏது வேலை? அன்றைக்குப் பூவா தலையா போட்டார்கள். எனக்கே விழுந்தது.

பந்தை வாங்கக் கையை நீட்டுகிறேன், ஜெசிந்தா எங்கிருந்தோ ஒரு வாளியைத் தூக்கிவந்து தன் பக்கத்துத் தரையெல்லாம் சளசளவென்று தெளித்துவிட்டாள். அதிகாரி ஒருவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"பழக்கத்துல தெளிச்சுட்டேன் சார்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அரங்கமே சிரித்தது. போட்டோக்காரர் அவளைச் சுற்றிச் சுற்றி எடுத்தார்.

தரையைத் துடைத்ததும் நடுவர் விசிலடித்தார். நான் சர்வீஸ் போட்டேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு அடி நான் அடித்ததில்லை. பந்து அவர்கள் பக்கத்து மூலையில், கோட்டை ஒட்டி விழுந்தது. யார் பார்த்தார்கள்? எல்லோர் கண்ணும் அவள் மேல். அவள் மட்டும் பந்து விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்த்து, "நல்லா அடிச்சடி" என்றாள்.

அந்த அரங்கத்தில் முதல் சர்வீஸ் நான்தான் போட்டேன் என்று யாரிடம் சொன்னாலும், டீச்சர் தண்ணீர் தெளித்தாரே அன்றைக்கா என்றுதான் கேட்பார்கள். தப்புச் செய்தும் பேர் வாங்க அவளால்தான் முடியும்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அரங்கத்தை இடிக்கிறார்கள் என்றேன்.

"எந்த அரங்கம்டி? நாம மண்ணுலதான ஆடுனோம்?"

வாளியைச் சொன்னேன், ஓடிவந்த அதிகாரியைச் சொன்னேன். ஒன்றும் ஞாபகமில்லையாம். பேரன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருஷமாக நான் சுமந்து திரிவதை அவள் எப்போதோ இறக்கி வைத்துவிட்டாள். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பந்து விழுந்த இடத்தைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.