கை வைக்கக் கூடாத வேலை

குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவருக்கு ஐம்பத்து நான்காம் வயதில் ஸ்பேனரைத் தொடாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைக் கற்றுக்கொள்ளத்தான் அவர் கடல் தாண்டி வந்திருந்தார்.

பயிற்சி பன்னிரண்டு வாரம். வந்தவர்கள் பதினொரு பேர். தேறினால் இரண்டு வருடம் இந்த நாட்டின் ஏதோ ஒரு கிராமத்தில் தொண்டர் வேலை. தேறாதவர் 'திருப்பி அனுப்பப்படுவார்' என்று தொண்டர் அமைப்பு கொடுத்த தாளில் ஒரு வரி இருந்தது. வந்த அன்றே அவர் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதான். மற்றதையெல்லாம் மறுநாள் படித்தார்.

அவருடைய வேலை அடிபம்பு. கிராமத்து ஆட்களே தங்கள் பம்பைப் பழுது பார்த்துக்கொள்ளும்படி பழக்கிவிட வேண்டும். சொல்லலாம், காட்டலாம். கை வைக்கக் கூடாது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். பயிற்சியை நடத்திய ஒருங்கிணைப்பாளரும் தமிழ்ப் பெண்தான், ஃபிட்டருடைய மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். முதல் நாளே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"நீங்க ரெண்டு வருஷத்துல கிளம்பிடுவீங்க சார். உங்க கையும் உங்களோட கிளம்பிடும். அதனால அந்தக் கை இப்பவே இல்லன்னு வச்சுக்குவோம்."

ஃபிட்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். வாரியத்தில் வேலையெல்லாம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போன பிறகு, கடைசி இரண்டு வருடம் அவரை அலுவலகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மேசை கூட இல்லை. அந்த நாற்காலிக்குப் பயந்துதான் விருப்ப ஓய்வு வாங்கினார், தொண்டர் அமைப்புக்கு எழுதிப்போட்டார். திரும்பிப் போனால் வீட்டிலும் அவருக்காக ஒரு நாற்காலி காத்திருக்கும். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. காலை எடுத்தாலும் போக இடமில்லை.

முதல் வாரம் ஒருங்கிணைப்பாளர் கரும்பலகையில் ஒரு கோடு போட்டாள். மேலே ஏறியது, கீழே விழுந்தது, மறுபடி ஏறியது. பயிற்சிக்கு வருகிறவர்கள் மனசு இப்படித்தான் இருக்குமாம். மூன்றாவது வாரம் உற்சாகம், ஆறாவது வாரம் அழுகை.

பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார் குனிந்து, "நம்ம ஏரியா வோல்டேஜ் மாதிரி இருக்குது ஃபிட்டரே. மிக்ஸி போயிடும்" என்றார்.

கோடு பொய் சொல்லவில்லை. ஆனால் அது வாரத்துக்கு ஒருமுறை என்று போட்டிருந்தது. ஃபிட்டருக்கு ஒரே நாளில் நாலு தடவை நடந்தது. காலையில் மொழி வகுப்பு, நாலு மணி நேரம். பதினோரு மணிக்கு வாயைத் திறந்தால் நாக்கு மரக்கட்டை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சாயங்காலம் கடையில் சோப்பு கேட்பார், கடைக்காரர் சோப்பையே எடுத்துக் கொடுப்பார், வீடு வரைக்கும் ராஜநடை. அவரைத் தங்க வைத்திருந்த வீட்டுக்காரம்மா வாசலில் ஏதோ கேட்பாள். ஒன்றும் புரியாது. நன்றி என்பார். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். விருந்தாளிக்குக் காது கேட்காது என்று முடிவு செய்துகொண்டு, சாப்பாட்டு மேசையில் பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுவது போல அவரிடம் பேசினார். ஃபிட்டர் அவருக்கும் நன்றி சொன்னார்.

ஆறாவது வாரம் கணக்கு வாத்தியார் பெட்டி கட்டினார். அழவில்லை. சட்டைகளை ஓரம் பார்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வாத்தியாரே, பாதியில?"

"வீட்லயும் நான் பேச மாட்டேன் ஃபிட்டரே. ஆனா அங்க பேசாம இருந்தா யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க."

"போய் என்ன சொல்லுவீங்க?"

"தண்ணி ஒத்துக்கலன்னு சொல்லுவேன். பாவம் தண்ணி, அதுக்கு வாயா இருக்கு?"

அவர் போன பிறகு மேலும் இரண்டு பேர் போனார்கள். எட்டுப் பேர் மீந்தார்கள். யார் அடுத்தது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, மதியச் சாப்பாட்டில் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மதியத்துக்கு மேல் வேலை பயிற்சி மைதானத்தில். மூன்று ஆழ்துளைக் கிணறு, மூன்று அடிபம்பு. காலையிலேயே ஒருங்கிணைப்பாளர் வந்து ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைத்துவிட்டுப் போவாள். கற்றுக்கொள்ள உள்ளூர் ஆட்கள் இருவர் வந்தார்கள். ஒருத்தி தையற்கடை வைத்திருந்தவள். மற்றவர் இடுப்பு வலியால் லாரி ஓட்டுவதை விட்டவர். இரண்டு பேருக்கும் ஃபிட்டரைப் பிடித்திருந்தது, அவர் பேசுவது மட்டும் புரியவில்லை.

எட்டாவது வாரம் முன்தேர்வு. லாரிக்காரர் நட்டைத் தப்பான பக்கம் திருகிக்கொண்டிருந்தார். ஃபிட்டர் ஒரு தரம் சொன்னார், இரண்டு தரம் சொன்னார். நட்டின் முனை மழுங்க ஆரம்பித்தது. அடுத்து என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது ஸ்பேனர் தன் கையில் இருந்தது, பம்பில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாலே நிமிஷம். தையற்காரி கை தட்டினாள்.

ஒருங்கிணைப்பாளர் நோட்டை மூடினாள். "தண்ணி வந்துருச்சு சார். நீங்க ஃபெயில்."

"நட்டு போயிருக்கும்மா."

"போகட்டுமே. அவர் இன்னொரு நட்டு வாங்குவார். அதோட அவருக்கு எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருக்கும். கடைசித் தேர்வுலயும் இப்படின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவிக்குப் போன் செய்தார். அவள் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்ப்பவள். எதையும் எடை போட்டுப் பார்த்துத்தான் பேசுவாள்.

"வந்துடுங்களேன்" என்றாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

"போன மூஞ்சியேதான். இங்க வேற யாரும் கேக்கல."

"அத்தனை பேர் மத்தியில பேசிட்டு வந்தேனே."

"அவங்கல்லாம் மறந்து ரெண்டு மாசம் ஆச்சு. பிரிவு உபசாரக் கூட்டத்துல உங்க பேரையே ஒருத்தர் மாத்திச் சொன்னார், ஞாபகம் இருக்கா?" கொஞ்சம் பொறுத்து, "சும்மா சொல்லல. நீங்க ஃபெயிலானா எனக்குச் சந்தோஷம்தான். அப்புறம் உங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமேன்னும் இருக்கு. ரெண்டும்தான் இருக்கு" என்றாள்.

அவருக்கும் ரெண்டும்தான் இருந்தது.

கடைசித் தேர்வுக்குக் கிணற்றுக்குள் இருக்கிற சிலிண்டரில் வாஷரைத் தேய வைத்திருந்தாள் ஒருங்கிணைப்பாளர். குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, கீழே இருப்பது நழுவாமல் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, மேல்குழாயைக் கழற்ற வேண்டும். இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். ஃபிட்டர் எட்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதல் குழாய் ஒழுங்காக வந்தது.

இரண்டாவதற்கு லாரிக்காரர் கிளாம்பை மாட்டினார். போல்ட்டை இரண்டு சுற்றுதான் சுற்றினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருந்தது. அது ஃபிட்டருக்குத் தெரிந்தது. இறுக்கு என்பதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் உண்டு. காலையில்தான் ஐம்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தார். இப்போது அது வரவில்லை.

"இறுக்கு. இறுக்குய்யா" என்று தன் மொழியிலேயே கத்தினார்.

தையற்காரி கிளாம்பைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். குழாய் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. இரண்டு எட்டு வைத்திருந்தால் பிடித்திருக்கலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு கை மற்றொரு கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. குழாய் உள்ளே போயிற்று. அடியில் இடித்த சத்தம் மேலே வர நேரமானது.

லாரிக்காரர் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் எழுதுவதை நிறுத்தினாள். ஆனால் தேர்வு முடிந்தது என்று சொல்லவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

விழுந்த குழாயை எடுப்பது பாடத்தில் இல்லை. அதற்கான சொல் ஒன்றுகூட அவரிடம் இல்லை. குந்தி உட்கார்ந்தார்.

"மண்ணத் தொடலாமா?" என்று கேட்டார்.

ஒருங்கிணைப்பாளர் யோசித்தாள். "மண்ணு கருவி இல்ல. தொடுங்க."

விரலால் குழாயை வரைந்தார். அதன் தலையில் தடித்த வளையம். வளையத்துக்குக் கீழே போய் மாட்டுகிற இரண்டு கொக்கி. லாரிக்காரர் எழுந்து வந்து பார்த்தார். அழித்துவிட்டுத் தானே ஒன்று வரைந்தார், அது இன்னும் சரியாக இருந்தது. போய் இரண்டு கம்பியை எடுத்து வளைத்தார், கயிற்றில் கட்டினார். உள்ளே இருட்டு. டார்ச் எடுத்து வரச் சொல்லலாம் என்று ஃபிட்டர் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, தையற்காரி வேலியோரம் நின்ற மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைக் கழற்றி வந்து வெயிலைக் கிணற்றுக்குள் திருப்பினாள். குழாயின் தலை பளிச்சென்று தெரிந்தது. முப்பத்தோரு வருடத்தில் அவருக்கு இது தோன்றியதில்லை.

நாலு தடவை நழுவியது. ஐந்தாவது தடவை மாட்டியது. இழுக்க இழுக்க ஃபிட்டரின் தோள் வலித்தது, இழுத்ததென்னவோ அவர்கள். குழாய் வாய்க்கு வந்ததும் லாரிக்காரர் கிளாம்பை மாட்டி, போல்ட் கிரீச்சிடும் வரை திருகினார். யாரும் சொல்லவில்லை. வாஷர் மாற்றித் தண்ணீர் கலங்கலாக வந்தபோது, கொடுத்த நேரத்துக்கு மேல் முக்கால் மணி ஆகியிருந்தது.

மற்ற இருவரும் கை கழுவிக்கொண்டு போன பிறகு ஒருங்கிணைப்பாளர் கேட்டாள். "குழாயப் பிடிச்சிருக்கலாமே சார்?"

"பிடிச்சிருந்தா?"

"ஃபெயில் போட்டிருப்பேன்."

"அப்புறம் என்ன கேள்வி இது?"

அவள் சிரிக்கவில்லை. "எனக்கே பிடிச்சிடலாம் போல இருந்துச்சு. அதான் கேட்டேன். மொழி ரொம்ப மோசம்னு எழுதியிருக்கேன். நேரம் தாண்டிருச்சுன்னும் எழுதியிருக்கேன். கடைசி வரியில போஸ்டிங் போடலாம்னு எழுதியிருக்கேன். வியாழக்கிழமை கிளம்பணும்."

கை குலுக்கினாள். அவருடைய ஒரு மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் சிவந்திருந்தது.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து போன் செய்தார். சாயங்காலம் நாலு மணி.

"என்னாச்சு?"

"போட்டுட்டாங்க."

"ரெண்டு வருஷம்" என்றாள்.

"ரெண்டு வருஷம்."

"சந்தோஷமா?"

இருக்கிறதா என்று பார்த்தார். தோளில் வலி இருந்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ இருந்தது, அது அவள் கேட்ட சந்தோஷம்தானா என்று தெரியவில்லை.

"தூக்கம் வருது" என்றார்.

"சரி, தூங்குங்க. எழுந்து யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல."