இறகுத் தூண்டில்

வைட்ஃபீல்ட் போகும் ஆபீஸ் வண்டியில் பக்கத்து சீட்டுப் பெண் நகப்பூச்சு பூசினாள். அந்த நெடியில் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

ஜோகுபாளையம் வீட்டில் சனிக்கிழமைதோறும் அப்பாவும் அவர் நண்பர் ஜான் மாமாவும் தூண்டில் முள்ளில் கோழி இறகை நூலால் சுற்றிப் பூச்சி போலச் செய்வார்கள். முடிச்சு அவிழாமலிருக்க அதன்மேல் அம்மாவின் நகப்பூச்சு. ஊட்டியில் டிரவுட் மீன் பிடித்துப் பழகிய மாமா, வைட்ஃபீல்டுக்கு அப்பால் யாருக்கும் தெரியாத ஓர் ஏரியைக் கண்டுபிடித்திருந்தார். பிடித்த கெண்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

"ஏரியைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, பாப்பா" என்றார் என்னிடம்.

பள்ளித் தோழியிடம் பெருமையடித்தேன், வழியும் சொன்னேன். அடுத்த ஞாயிறு நாங்கள் மூவரும் ஏரிக்குப் போனபோது அவள் அப்பாவும் சித்தப்பாக்களும் அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரையெல்லாம் கெண்டை துடித்தது.

"யாருப்பா சொன்னது?" மாமாவின் குரல் உடைந்திருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "நான்தான் ஜான். வாய் தவறிடுச்சு."

மாமா அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா சாகும்வரை நானும் வாய் திறக்கவில்லை.

"ஸ்மெல் ஒத்துக்கலையாக்கா? கண்ணெல்லாம் கலங்குது" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா, ஸ்மெல்தான்" என்றேன்.